பிரம்பும் சிறைக்கதவும்



புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தை அறிந்தவர்களுக்கு அதன் தோற்றத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிலாபத்திலிருந்து வடக்கே செல்லச் செல்ல, முன்னேசுவரத்துக் கோபுரமும், உடப்பின் மீன்வலைகளும், முந்தல் ஏரியும், பாலாவியின் உப்பளங்களும், ஈற்றிற் கடலுக்கும் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பமும் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும், சைவரும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் பௌத்தரும் அடுத்தடுத்து வாழும் கரை அது.

அக்கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டிற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசைப்படுத்தி 1834இல் ஆங்கிலத்தில் நூலாக்கியவரும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. தமிழறிஞர் என்றே நாம் அவரைப் போற்றுகின்றோம். அவர் சிலாபத்தில் நீதிபதியாக இருந்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். கல்வியும் நீதியும் ஒருவரிடத்தே கூடியிருந்த அப்பெரியார் 1860இல் மறைந்தார். அவர் காலத்தில் இத்தீவின் குற்றவியல் வழக்குகளுக்கு உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படையாயிருந்தது. குற்றங்களையெல்லாம் வகுத்துத் தொகுத்த சட்டக்கோவை பின்னரே வந்தது.

கல்விக்கும் நீதிக்கும் இடையே நிற்கும் ஒரு கேள்வியை இன்று ஆராய விரும்புகின்றேன். ஆசிரியர் ஒருவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்குத் தீங்கிழைத்தால் சட்டம் அவரை என்ன செய்கின்றது? அச்சட்டம் காலத்துக்குக் காலம் மாறியபோது நம் சிறைச்சாலைகளில் உள்ளோரின் தொகை எவ்வாறு மாறிற்று? சட்டம் கடுமையானால் சிறை நிரம்பும் என்பர் சிலர். சிறை நிரம்பினாற் பிள்ளைகள் பாதுகாப்படைவர் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே பார்ப்போம்.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை. இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட கோவையை முன்மாதிரியாகக் கொண்டது அது. அதன் 341ஆம் பிரிவு குற்றமுறையான வன்முறை எது என்பதை வரையறுக்கின்றது. வரையறையை விளக்குதற்கு உதாரணங்கள் பல அங்கே கொடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆசிரியரைப் பற்றியது. தம் தகுதிக்கேற்ற நியாயமான அளவில் மாணாக்கன் ஒருவனை அடிக்கும் ஆசிரியர் குற்றமுறையான வன்முறையைப் பிரயோகித்தவர் ஆகார் என்பது அதன் கருத்து. சட்டத்தின் உடலில் ஒரு சிறு உதாரணமே அது. ஆயினும் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்துப் பிரம்புக்கு அதுவே காவலாய் நின்றது. 1939ஆம் ஆண்டிற் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பிள்ளைகளைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்க வகை செய்தபோதும், தண்டனை வழங்குதற்குப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள உரிமையை அது தொடவில்லை என்று வெளிப்படையாகவே கூறிற்று.

இதன் விளைவு யாது? பிரம்பினாற் பிள்ளையின் உடல் தடித்தாலும் வழக்கு நீதவான் மன்றத்தின் வாசலை எட்டுவது அரிதாயிற்று. எட்டாத வழக்கினால் எவரும் சிறை செல்வதில்லை. ஆகவே அக்காலத்துச் சிறைச்சாலைகளில் அடித்த ஆசிரியரைத் தேடுவது வீண். அதனை வைத்து அக்காலத்துப் பிள்ளைகள் அடிபடவில்லை என்று கொள்வதும் பேதைமை.

இடையில் ஆசிரியரின் நிலையிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினாலும் அதனைத் தொடர்ந்த சட்டத்தினாலும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தின் முகாமைக்கு வந்தன. கத்தோலிக்க மறைப் பாடசாலைகள் நிறைந்த சிலாபம், கற்பிட்டிக் கரையில் இம்மாற்றம் ஆழமாக உணரப்பட்டது. அதுவரை கோயிலுக்கோ சபைக்கோ கட்டுப்பட்டிருந்த ஆசிரியர் அரசாங்க உத்தியோகத்தரானார். ஊர்ப் பெரியோர் கண்டித்துத் திருத்திய பிழைகள் இனித் திணைக்களத்தின் விசாரணைக்குரியவையாயின. ஊருக்குப் பொறுப்பாயிருந்தவர் கோப்புக்குப் பொறுப்பானார். இடமாற்றம் என்பது தண்டனையாகவும் தப்பும் வழியாகவும் அமைந்தது அதன்பின்னரே.

பெருந்திருப்பம் 1995இல் ஏற்பட்டது. அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது. 1883 முதல் பன்னிரண்டாக இருந்த சம்மத வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், பாலியல் தொந்தரவு, சிறுவர்க்குக் கொடுமை இழைத்தல் ஆகியன புதிய குற்றங்களாக வகுக்கப்பட்டன. தம் அதிகார நிலையைத் துர்ப்பிரயோகஞ் செய்து தீங்கிழைப்போர் தனியே எடுத்துக் கூறப்பட்டனர். இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று. இன்ன குற்றத்துக்கு இத்தனை ஆண்டுக்குக் குறையாத சிறை என்னும் குறைந்தபட்சத் தண்டனைகள் விதிக்கப்பட்டன. பராயமடையாதவரைப் பாரதூரமாகத் துஷ்பிரயோகஞ் செய்தவருக்கு ஏழாண்டுக்குக் குறையாத கடூழியச் சிறை என 1998ஆம் ஆண்டின் திருத்தம் வகுத்தது. தம் பொறுப்பில் உள்ள பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேண்டுமென்றே தாக்கித் துன்புறுத்துவோருக்கு, 308அ எனப்படும் புதிய பிரிவின் கீழ் இரண்டாண்டு முதற் பத்தாண்டு வரை சிறை. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்துக்கு நீதிபதி ஒத்திவைத்த சிறைத்தண்டனை வழங்குதற்கும் இடமில்லை.

1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றியது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வன்முறைகளையும் தடுக்கும் சட்டம் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. 1999இற் பிள்ளையின் சாட்சியத்தை ஒளிப்பதிவு செய்து மன்றத்தில் முன்வைப்பதற்குச் சட்டம் வழி திறந்தது.

2005ஆம் ஆண்டில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. நீதிமன்றம் விதிக்கும் கசையடியையும் சிறைச்சாலைக்குள் வழங்கப்பட்ட கசையடியையும் அவ்வாண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் அடியோடு ஒழித்தது. பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாது எனக் கல்வி அமைச்சு சுற்றுநிருபம் வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். கொலைகாரனின் முதுகைக் காக்கப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. பள்ளிப் பிள்ளையின் முதுகைக் காக்கச் சுற்றுநிருபம் போதும் என்று கொள்ளப்பட்டது. சுற்றுநிருபத்தை மீறியவர் திணைக்களத்துக்கு விடை சொல்ல வேண்டும். குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை. 1883ஆம் ஆண்டின் அந்தச் சிறு உதாரணமோ அப்பொழுதும் சட்டக்கோவையில் அழியாதிருந்தது.

இனிச் சிறைச்சாலைக்கு வருவோம். சிறையில் உள்ளோரின் தொகை எவ்வாறு அமைகின்றது என்பதைப் புத்தளத்து உப்பளத்தைக் கொண்டு எளிதாக விளங்கிக்கொள்ளலாம். பாத்தியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது இரண்டைப் பொறுத்தது. வாய்க்கால் வழியே எவ்வளவு நீர் வருகின்றது என்பது ஒன்று. வந்த நீர் வற்ற எத்தனை நாள் ஆகின்றது என்பது மற்றொன்று. வெயில் குறைந்தால், புதுநீர் ஒரு துளியும் கூடுதலாக வராமலே பாத்தி நிரம்பி நிற்கும்.

சிறையும் அத்தகையதே. கணக்குக்காக மாத்திரம் ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் பத்துப் பேர் ஒரு குற்றத்துக்காகச் சிறை சென்று இரண்டாண்டு இருந்தால், எந்நாளிற் கணக்கெடுத்தாலும் ஏறத்தாழ இருபது பேர் உள்ளே இருப்பர். தண்டனை பத்தாண்டாக உயர்ந்தால், அதே பத்துப் பேர் வீதம் சென்றாலும், காலப்போக்கில் உள்ளே இருப்போர் நூறு பேராவர். குற்றம் பெருகவில்லை, சிறை ஐந்து மடங்காயிற்று. குறைந்தபட்சத் தண்டனைகளைக் கண்டு சிறை அதிகாரிகள் அஞ்சுவதற்குக் காரணம் இதுவே.

ஆயின், ஆசிரியர் குற்றங்களைப் பற்றிய சட்டமாற்றம் இலங்கைச் சிறைகளை நிரப்பிவிட்டது என்று கூற முடியுமா? முடியாது. ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேருக்கு அமைந்த சிறைகளில் 2020ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்புப் பெறாத விளக்கமறியற் கைதிகள். தீர்ப்புப் பெற்று ஆண்டுதோறும் உள்ளே வருவோரிற் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட வகையில்லாத ஏழைகளும் போதைப்பொருட் குற்றங்களுக்கு ஆளானவர்களும் ஆவர். சிறையை நிரப்பும் வாய்க்கால்கள் அவையே. பிள்ளைக்குத் தீங்கிழைத்த ஆசிரியர் அவ்வெள்ளத்தில் ஒரு சில துளிகளே.

அத்துளிகள் குறைவாயிருப்பதற்குக் குற்றம் குறைவு என்பதுதான் காரணமா? கடற்கரைக் கிராமமொன்றை மனத்திற் கொண்டு பார்ப்போம். இது நடந்த கதையன்று, நடக்கக்கூடியது.

பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. தந்தை பருவத்துக்கு வாடி போட்டுக் கற்பிட்டிக்கு அப்பால் மீன்பிடிக்கச் சென்றிருக்கின்றார். பாடசாலையில் அடிபட்டுச் செவியிற் காயத்தோடு பிள்ளை வீடு வருகின்றாள். தாய் பொலிஸ் நிலையம் செல்ல நினைக்கின்றாள். அடித்த ஆசிரியர் ஊரிற் பலருக்கும் எழுத்தறிவித்தவர். அதிபர் வருகின்றார், அயலவர் வருகின்றனர். “அம்மா, நீங்கள் முறையிட்டால் வாத்தியாருக்கு இரண்டு வருடம் மறியல், உத்தியோகமும் போய்விடும். அவருக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு” என்கின்றனர். அவர்கள் கூறுவது பொய்யன்று. சட்டம் அவ்வாறே கூறுகின்றது. ஒரு பக்கத்தில் 341ஆம் பிரிவின் பழைய உதாரணம். அதன்படி ஆசிரியர் குற்றமற்றவர். மறுபக்கத்தில் 308அ பிரிவு. அதன்படி இரண்டாண்டுக்குக் குறையாத சிறை. இரண்டுக்கும் நடுவே, செய்த பிழைக்கேற்ற ஒரு விடை இல்லை. 1999இற் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைகளுக்கெனத் தனிச்சட்டம் வந்தபோதும், இத்தகைய குற்றங்களுக்கு அவ்வழி திறக்கப்படவில்லை. ஒன்றுமில்லை என்பதற்கும் இரண்டாண்டு என்பதற்கும் இடையே நிற்கும் தாய், ஒன்றுமில்லை என்பதையே தெரிந்தெடுக்கின்றாள்.

அவள் துணிந்து சென்றாள் என்றே வைத்துக்கொள்வோம். வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே நீதிமன்றங்களின் பதிவுமொழி சிங்களம். தமிழில் மட்டுமே பேசத் தெரிந்த பிள்ளை, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத் தன் துன்பத்தை மன்றத்துக்குக் கூற வேண்டும். மொழிபெயர்ப்பைப் பெறுவது அவளுடைய உரிமைதான். ஆயினும் நாணமும் அச்சமும் கலந்த ஒரு பிள்ளையின் சொல், இன்னொருவர் வாயில் ஏறி இறங்கும்போது எதையெதை இழக்குமோ, யார் அறிவார்! வழக்கோ தவணைமேல் தவணையாக நீளும். பன்னிரண்டு வயதில் அழுதவள் பருவப்பெண்ணாகிச் சாட்சிக்கூண்டில் ஏறுவாள். எதிரே நிற்கும் ஆசிரியரும் அத்தனை காலமும் பணி இடைநிறுத்தப்பட்டு, குற்றவாளியென்றும் நிரபராதியென்றும் தீராத நிலையில் வாடுவார். அவர் பிழையற்றவராயின் அக்காலத்தை அவருக்கு மீட்டுக் கொடுப்பவர் எவர்?

இப்பொழுது முன்னர்ச் சொன்ன கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள். இரண்டாண்டுத் தண்டனை இருந்தபோது ஆண்டுக்குப் பத்துப் பேர் சிறை சென்றனர். உள்ளே இருந்தோர் இருபது. தண்டனை பத்தாண்டாயிற்று. அதற்கு அஞ்சி முறைப்பாடுகள் பின்வாங்கப்பட, ஆண்டுக்கு இருவரே தண்டனை பெற்றனர். அப்பொழுதும் உள்ளே இருப்போர் இருபதே. சிறைச்சாலைக் கணக்கேட்டில் யாதொரு மாற்றமும் தோன்றாது. ஆயின் ஆண்டுதோறும் எட்டுப் பிள்ளைகளின் குரல் கேட்கப்படாமற் போயிருக்கும். சிறையில் உள்ளோரின் தொகையைக் கொண்டு பிள்ளைகளின் பாதுகாப்பை அளப்பது ஏன் தவறு என்பதை இச்சிறு கணக்கே காட்டும்.

கடுமையின் எல்லையை நீதிமன்றமும் உணர்ந்தது. புத்தளத்துக்கு அயல் மாவட்டமான அநுராதபுரத்தின் மேல் நீதிமன்றத்திலிருந்து எழுந்த வினாவொன்றை 2008இல் உயர் நீதிமன்றம் ஆராய்ந்தது. அது ஆசிரியர் ஒருவரைப் பற்றிய வழக்கன்று. பராயமடையாதவர் தொடர்பான பாலியற் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட பத்தாண்டுக் குறைந்தபட்சச் சிறை, நீதிபதியின் கையைக் கட்டிவிடுமா என்பதே கேள்வி. வழக்கின் தன்மைக்கேற்பத் தண்டனையை அளக்கும் பொறுப்பை நீதிபதியிடமிருந்து பறிப்பது அரசியலமைப்போடு முரண்படும் என்றும், தகுந்ததெனக் கருதும் தண்டனையை நீதிபதி விதிக்கலாம் என்றும் உயர் நீதிமன்றம் கூறியது. பின்வந்த தீர்ப்புகளிலும் அக்கருத்து எடுத்தாளப்பட்டது. ஒரே அளவான மூடியை எல்லாப் பானைக்கும் இட முடியாது என்பதை இது உணர்த்தியது. நம்பி ஒப்படைத்த பிள்ளையைக் கெடுத்த ஆசிரியருக்கு இத்தீர்ப்பு தப்பும் வழியாகக் கூடாது என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பு பிரம்படியை நேரே தொட்டது. 2017இல் தென்னிலங்கைப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்தமையால் மாணவன் ஒருவனின் செவி பாதிக்கப்பட்டது. சித்திரவதைக்கும் இழிவான நடத்துகைக்கும் எதிராக அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை அளிக்கும் உரிமை மீறப்பட்டது என மன்றம் தீர்த்தது. ஆசிரியர் 1,50,000 ரூபாவும் அரசு 5,00,000 ரூபாவும் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என ஆணையிடப்பட்டது. அத்தீர்ப்பினாற் சிறைக்குள் ஒருவரும் புதிதாகச் செல்லவில்லை. ஆயினும் நாடெங்கும் ஆசிரியர் அறைகளில் அது பேசப்படத்தக்கதாயிற்று. அடித்த கைக்கு மாத்திரமன்றி, அடிப்பதைக் கண்டும் காணாதிருந்த அரசுக்கும் பொறுப்புண்டு என்பதை அது நிலைநாட்டிற்று.

உலகத்தையும் சற்றே நோக்குவோம். 1979இற் சுவீடன் நாடு வீட்டிலும் பிள்ளைகளை அடிக்கலாகாது என விதித்தது. உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்த அந்நாடு, அவ்விதியைத் தண்டனைச் சட்டத்தில் வைக்கவில்லை. பெற்றோர் பிள்ளைகள் பற்றிய குடியியற் சட்டத்திலே வைத்தது. சிறையை நிரப்புவது அதன் நோக்கமன்று. அடிப்பது முறையன்று என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்வதே நோக்கம். இந்தியாவோ 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தாற் பாடசாலையில் உடல்தண்டனையைத் தடுத்தது. 2012ஆம் ஆண்டின் சட்டத்தாற் கல்வி நிலையத்தார் இழைக்கும் பாலியற் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதித்து, 2019இல் அதனை மேலும் உயர்த்தியது. அடிக்கு ஒரு வழி, துஷ்பிரயோகத்துக்கு வேறு வழி எனப் பிரித்து நோக்கும் தெளிவு இவற்றிலே காணப்படுகின்றது.

நமக்கும் அத்தெளிவே தேவை. 2025இல் உடல்தண்டனையை ஒழிக்கும் நோக்குடன் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தும் சட்டமூலம் பாராளுமன்றத்தின் முன் வந்தபோது, ஒழுக்கம் கெடும் என்று சிலரும் ஆசிரியர் சிறைக்குள் தள்ளப்படுவர் என்று சிலரும் அஞ்சினர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஆனால் நூற்று நாற்பது ஆண்டுச் சரித்திரம் காட்டும் உண்மை வேறு. பிரம்புக்குச் சட்டத்தின் காவல் இருந்தபோதும் சிறை மாறவில்லை. கடுந்தண்டனை வந்தபோதும் சிறை பெரிதாக மாறவில்லை. மாறியது வழக்கு எட்டும் வாசலின் அகலமே.

ஆகவே, நேயர்களே, சட்டத்தைப் பற்றி இனி வாதிடும்போது எத்தனை ஆண்டு என்று மாத்திரம் கேளாதிருப்போம். அடிபட்ட பிள்ளையின் முறைப்பாடு எத்தனை நாளில் விசாரிக்கப்படுகின்றது? அவளுடைய வாக்குமூலம் அவளுடைய மொழியிலேயே ஒளிப்பதிவாகின்றதா? பிழை செய்த ஆசிரியருக்கு அப்பிழைக்கேற்ற விடை உண்டா? பிழையற்றவர் விரைவில் விடுவிக்கப்படுகின்றாரா? தீங்கிழைத்தவர் இன்னொரு கிராமத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் பெற்றுச் செல்லாதபடி தடை உண்டா? இவையே கேட்கத்தக்க கேள்விகள்.

உப்பு விளைவிப்போர் வெயிலைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவரல்லர். வாய்க்காலின் மடையை உரிய நேரத்தில் திறப்பதே அவர்கள் கையில் உள்ளது. நீதியிலும் அவ்வாறே. முந்தலிலோ உடப்பிலோ கற்பிட்டியிலோ ஒரு பிள்ளை, இன்று அடிபட்டால் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் தன் சொல் கேட்கப்படும் என்று நம்பும் நாள் வருமாயின், சிறைச்சாலைத் தொகை ஏறினாலும் இறங்கினாலும் நாம் முன்னேறியவராவோம்.